பதினாறு வயதில் ஓட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தொண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பிரிட்டனில் ஓட்டுப் போடும் வயதைப் பதினாறாகக் குறைக்கப் போகிறார்கள் என்ற செய்தியை வைத்துப் பத்தாம் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் நடத்தினேன். ஓட்டு கொடுத்தால்தான் அரசியலில் எங்களுக்கு அக்கறை வரும் என்றது ஓர் அணி. ஓட்டு இருக்கிற அண்ணன்களே கண்டுகொள்வதில்லை, எங்களுக்கு எதற்கு என்றது மற்ற அணி. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "டீச்சர், ஓட்டு வந்தா வீட்டுக்கு இன்னொரு கவர் வரும்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தங்கள் வாசகி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டீச்சர்,

ஓட்டுக்குப் பணம் வைத்துத் தரும் கவர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அதை வாங்குவது நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். அதற்காக அவர்கள் ஓட்டைப் பிடுங்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் பதினாறு வயதுக்கு எதிரான வாதமாக இது நிற்காது.

ஓட்டு வந்தால்தான் அக்கறை வரும் என்ற முதல் அணியோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. 1965 மொழிப் போராட்டத்தில் தெருவில் நின்ற மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. அப்போது ஓட்டு வயது 21. இரண்டு வருஷத்தில் ஆட்சி மாறியது. விருதுநகரில் காமராஜரையே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 ஓட்டில் தோற்கடித்தார். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஊர் ஊராக உட்கார்ந்த கூட்டத்திலும் ஓட்டு வயது வராத பிள்ளைகள் இருந்தார்கள்.

நம் ராமநாதபுரம் கரையிலேயே பாருங்கள். பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு பதினேழு வயதுப் பையனைப் பிடித்துக் கச்சத்தீவைப் பற்றிக் கேளுங்கள். எல்லை எங்கே, ரோந்துப் படகு எந்தப் பக்கமிருந்து வரும், பிடிபட்ட விசைப்படகை மீட்க என்ன பாடு, மானிய டீசல் எத்தனை லிட்டர், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் இந்த வருஷம் எப்போது கணக்கில் ஏறியது என்று ஒன்று விடாமல் சொல்லுவான். இதெல்லாம் அரசியல்தான். அவனுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர் கடற்கரைப் பக்கம் வந்ததில்லை.

சரி, வயதைக் குறைத்தால் ஓட்டுப் பதிவாவது கூடுமா? நாமே ஒரு தடவை குறைத்திருக்கிறோம். அறுபத்தொன்றாவது அரசமைப்புத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து, 21 என்பது 18 ஆனது. 1984-இல் ஏறக்குறைய 64 சதவீதமாக இருந்த நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு 1989-இல் 62 சதவீதத்துக்கு வந்தது, 1991-இல் 57-க்கும் கீழே போனது. 84 இந்திரா காந்தி கொலைக்குப் பிந்தைய தேர்தல் என்பதால் அந்த ஒப்பீடு அவ்வளவு நியாயமானதில்லை. ஆனாலும் புதிதாக வந்த கோடிக்கணக்கான இளைஞர்களால் கூட்டம் அலைமோதியது என்று சொல்ல வழியில்லை.

ஆஸ்திரியாவில் நடந்தது வேறு. 2007-இல் அவர்கள் பதினாறாக்கினார்கள். பின்னால் ஆராய்ந்து பார்த்தபோது, 16, 17 வயதுக்காரர்கள் தங்களுக்குச் சற்று மூத்த 18 முதல் 20 வயதுக்காரர்களைவிட அதிகமாகவே ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் தனிநாடு ஆவது பற்றி 2014-இல் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு எடுத்த கணக்கெடுப்பில், 16, 17 வயதுக்காரர்களில் 75 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள். 18 முதல் 24 வரை உள்ளவர்களில் 54 சதவீதம். வயது கூடினால் பொறுப்பு கூடும் என்ற நம் கணக்கு இங்கே தலைகீழாகிறது.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. பதினாறு வயதில் பிள்ளை வீட்டில் இருக்கிறது. அம்மா ஓட்டுப் போடக் கிளம்பும்போது கூடவே கிளம்புகிறது. வாக்குச்சாவடி அது படித்த பள்ளிக்கூடமாகவே இருக்கும். பதினெட்டு ஆனதும் ஊரை விட்டுப் போய்விடுகிறது.

அந்த ஊரை விட்டுப் போவதுதான் நம் கரையின் கதை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாக்காளர் அட்டைக்கு முன்னால் பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவரும் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் ஓட்டை நேரில் வந்துதான் போட வேண்டும். துபாயில் கடையில் நிற்கும் பையன் ஒரு ஓட்டுக்காக டிக்கெட் போட்டு வருவானா? படிக்கப் போனவர்கள் சென்னையில், வேலைக்குப் போனவர்கள் திருப்பூரில். கடலுக்குப் போகிறவர்கள் கதை இன்னும் வேடிக்கை. 2019, 2024 நாடாளுமன்றத் தேர்தல்கள் இரண்டும் இங்கே ஏப்ரல் 18, 19 தேதிகளில் வந்தன. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும், ஆள் ஊரில் இருப்பான், ஓட்டுப் போடத் தோதான நேரம் என்று நினைப்போம். ஆனால் மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. தடை விழுந்த கையோடு இளவட்டங்கள் பலர் கேரளா படகுகளுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது.

அதனால் நம் கரையில் முதல் ஓட்டை ஊரில் இருக்கும்போதே போட வைப்பதற்குப் பதினாறு, பதினேழு நல்ல வயதுதான். முதல் ஓட்டைப் போட்டவர் அடுத்ததையும் போடுகிறார் என்பது ஸ்காட்லாந்தில் பின்னாளில் நடந்த ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. ஆனால் ஓட்டுப் போடும் பழக்கம் நிலைத்த அளவுக்கு மற்ற அரசியல் ஈடுபாடு கூடிவிடவில்லை. நீங்கள் கேட்டது ஈடுபாட்டைப் பற்றி. அதற்கு வேறு ஒன்று வேண்டும்: கேட்டால் பதில் கிடைக்க வேண்டும்.

ஒரு கிராம சபையில் பார்த்தது. பந்தலுக்கு வெளியே ப்ளஸ் டூ பிள்ளைகள் நாலைந்து பேர். அதில் ஒரு பெண் உள்ளே வந்து, சாயங்கால பஸ் ஸ்பெஷல் கிளாஸ் முடியுமுன் போய்விடுகிறது, அரை மணி நேரம் தள்ளி விடச் சொல்லித் தீர்மானம் போடுங்கள் என்றாள். மேஜையில் இருந்தவர், "உனக்கு ஓட்டு இருக்கா பாப்பா?" என்றார். சட்டப்படி அவர் கேட்டது சரி. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்புறம் பாசி எடுக்கப் போய்விட்டு ஈரச் சேலையோடு வந்திருந்த அவளுடைய அம்மா எழுந்து, "எனக்கு இருக்கு, எழுதுங்க" என்றார். எழுதினார்கள். பஸ் நேரம் மாறியதா என்பதை நான் விசாரிக்கவில்லை.

வயதைக் குறைப்பதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் அரசமைப்பின் 326-ஆவது பிரிவைத் திருத்த வேண்டும், அது டில்லி வேலை. ஊராட்சியில் கேட்கப்படும் கேள்விகள் பஸ், தண்ணீர், தெருவிளக்கு, கடலரிப்பு. இதில் பதினாறு வயதுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

ஆனால் அந்தத் தேர்தல் நடக்க வேண்டுமே! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, மூன்று வருஷம் கழித்து 2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் அந்தக் காலமும் முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை, தலைவர்களுக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்கத் தனி அலுவலர்கள் வந்தார்கள். 2020 ஜனவரியில் பதினெட்டு ஆன ஒரு பிள்ளை, தன் ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு தடவைகூட ஓட்டுப் போடாமலே இருபத்துமூன்றைத் தொட்டுவிட்டது. கையில் இருக்கும் ஓட்டையே பயன்படுத்த விடாமல் வைத்துக்கொண்டு, இளைஞருக்கு அக்கறையில்லை என்று நாம் மேடையில் பேசுகிறோம். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

தீர்ப்பு கேட்டீர்கள். வயதைக் குறைக்கலாம் என்பவர்களுக்கே தீர்ப்பை எழுதுங்கள், அவர்கள் சொன்ன காரணத்துக்காக இல்லாவிட்டாலும். கையோடு ஒரு வேலையும் செய்யலாம். பதினேழு முடிந்தவர்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். பதினெட்டு நிறைந்ததா என்று பார்க்க முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் உண்டு. உங்கள் பள்ளியில் ப்ளஸ் டூ இருந்தால், பொதுத்தேர்வு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போவதற்குள் அந்தப் படிவங்களை நிரப்பி வாங்கிவிடுங்கள்.