எந்த ‘நம்’?

கேள்வி (வாசகர் ஒருவர், தேவகோட்டை): 1948இல் விடுதலை பெற்ற கையோடு பர்மா நம் நிலங்களைப் பறித்துக்கொண்டதே, நண்பரான பர்மா பிரதமர் ஊ நூவிடம் நேரு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பதில்: ‘நம்’ என்ற சொல்லை இவ்வளவு தாராளமாகச் செலவழிப்பவரைக் கண்டால் என் பேனா சும்மா இருப்பதில்லை. நாம் வேறு, நாங்கள் வேறு என்று நான் ஓயாமல் எழுதி, எங்கள் மெய்ப்புத் திருத்துநரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோன காலமும் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நம். அவரை வாசலிலேயே நிறுத்தினால் எங்கள். சம்பந்தி ‘நம் வீடு’ என்றால் பூரித்துப்போகிறோம். குடியிருப்பவர் அதையே சொன்னால் வக்கீலைத் தேடுகிறோம். ஐராவதிக் கழிமுகத்தில் வயலை உழுதவரிடம் போய் ‘நம் நிலம்’ என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பார். ‘எங்கள் நிலம்’ என்றதில்தான் தகராறு.

இத்தனைக்கும் அந்த நிலங்களுக்கு உடைமையாளரான நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், நிலம் தேடிக் கப்பலேறியவர்கள் அல்லர். கொண்டுவிற்க, அதாவது கடல்தாண்டித் தொழில் செய்யப் போய், மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். வட்டிக்கடைக்குப் பணம் புரள வேண்டும். வயல் எங்கே புரளும்? 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, வட்டியோடு அசலும் நின்றுபோகவே, அடமானத்தில் இருந்த வயல்கள் வேண்டாத விருந்தாளிபோல் வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் உடைமை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 விழுக்காடாயிற்று. பேரேட்டில் அது வாராக் கடன். உழவர் கண்ணுக்கோ பறிபோன பூமி. 1948 மார்ச்சிலேயே கம்யூனிஸ்டுகள் ஆயுதம் தூக்கிவிட்ட நாட்டில், அந்த உழவரைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள நினைத்த அரசு அக்டோபரில் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்ததில் வியப்பென்ன?

தில்லி வார்த்தை கேட்காமல் இல்லை. நியாயமான இழப்பீடு கேட்டது. சட்டமே கூடாதென்று எந்த முகத்தோடு கேட்பது? அதே 1948இல்தான் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இயற்றியது. சிவகங்கைச் சீமையில் நடந்தால் சீர்திருத்தம், பர்மாவின் ஹந்தவாடியில் நடந்தால் கொள்ளை என்று ஒரே வாயால் சொல்ல முடியுமா? சோற்றுக் கணக்கும் இருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றதன் கொடுமையை மறுவருடமே வங்காளம் பட்டினியில் கண்டது. 1954இல்கூட 9 லட்சம் டன் பர்மா அரிசி வாங்க இந்தியா உடன்படிக்கை செய்தது. அரிசிக்குக் கையேந்தும் வீட்டில் போய்ப் பழைய பாக்கியை ஓங்கிக் கேட்பவர் உண்டா? தில்லியின் ‘நம்’மில் ரேஷன் வரிசை முழுவதும் அடங்கியிருந்தது, கிட்டங்கிகள் என்ற செட்டிநாட்டுத் தொழில்கூடங்கள் ஓர் ஓரமாகத்தான் நின்றன.

நேரு இந்தப் பக்கம் வராமலும் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்ட, 1948 ஜூலை 25இல் காரைக்குடிக்கே வந்தார். ரங்கூனில் சட்டம் வர மூன்று மாதம்கூட இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பர்மாக் கணக்குப் பேரேடு இருந்தால் எனக்கு எழுதுங்கள். தேக்குத் தூணைப் பழம்பொருள் கடைக்குப் பெயர்த்துக் கொடுத்தவர்கள் அதையும் சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.