சாயம் வெளுத்தால் போதுமா?

ஐயா,
எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். கரண்ட் விட்டுச் சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் வீடியோ ஒன்று வாட்ஸப்பில் வந்தது, கன்னங்கரேலென்ற தண்ணி பத்து நிமிஷத்தில் தெளிந்துவிடுகிறது. எங்கள் கிணற்றுக்கும் இது ஆகுங்களா? டிடிஎஸ் மீட்டர் கையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ள அது போதுமா?
- ஒரு வாசகர், சென்னிமலை

அன்புள்ள நண்பருக்கு,

கிணற்றுக்கு ஆகாதுங்க. நொய்யல் ஆற்றில் வந்து உங்கள் மண்ணைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்பு, சாயம் நூலில் ஏறுவதற்காகச் சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாகக் கொட்டியது. அந்த வீடியோவில் காட்டும் முறையில் சோடியம் எங்கேயும் போகாது.

வீடியோ பொய் என்று சொல்லவில்லை. உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால் குளோரைடு குளோரினாகி, பிளீச்சிங் திரவம் தண்ணீருக்குள்ளேயே உண்டாகிறது, சாயம் வெளுக்காமல் என்ன செய்யும்? நிறம் தருகிற பிணைப்பு அறுந்ததும் கண்ணுக்குத் தெளிவு. துண்டுகள் அங்கேயேதான் கிடக்கின்றன, கூடவே குளோரின் ஏறிய புதுச் சேர்மங்களும் குளோரேட்டும் சேர்ந்துகொள்ளும்.

ஆராய்ச்சியாளர்கள் போரான் கலந்த வைரப் படலத்தை மின்முனையாக வைப்பது அந்தத் துண்டுகளையும் கார்பன் டை ஆக்சைடு வரை எரிக்கத்தான். துணியில் தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசும் பிஃபாஸ் என்கிற ஃபுளோரின் சேர்மங்களைக்கூட அது உடைக்கிறது, ஆனால் அவற்றின் கார்பன் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குட்டையாகும், பாதியில் நிறுத்தினால் குட்டைச் சங்கிலிகள் தங்கிவிடும். நீர்த்த தண்ணீரில் கரண்டில் பெரும்பகுதி தண்ணீரைப் பிளப்பதிலேயே வீணாகிறது. அதனால் ஆர்ஓவில் கழியும் கெட்டியான ரிஜெக்ட் தண்ணீருக்கு இதைப் பயன்படுத்தினால் அர்த்தம் உண்டு என்பது என் கருத்து.

மீட்டர் விஷயம். அது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைப் பார்த்து உப்பைக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். பிஃபாஸ் மாதிரி நுண்ணிய அளவில் இருப்பது அதன் கண்ணில் படாது. அமெரிக்காவில் 2024இல் பிஃபாஸில் இரண்டுக்குக் குடிநீரில் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். உங்கள் மீட்டரில் ஒரு இலக்கம் நகர்ந்தால் ஒரு மில்லிகிராம், அதாவது அந்த வரம்பைப்போல இரண்டரை லட்சம் மடங்கு!

பிஃபாஸை அளப்பதற்கென்று வருகிற மின்வேதி உணரிகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. பணியாரக் கல் மாதிரி, அந்த மூலக்கூறின் அளவுக்கே குழி வைத்த பாலிமரை மின்முனை மேல் பூசுகிறார்கள். பிஃபாஸ் தானாக சிக்னல் தராது, அதனால் சிக்னல் தரும் ஃபெரோசீன் போன்ற ஒன்றைத் தண்ணீரில் விடுவார்கள். குழிகள் அடைபட அடைபட மின்னோட்டம் குறையும், அந்தக் குறைவுதான் அளவு. ஆய்வகத் தண்ணீரில் அழகாக வேலை செய்கிறது. சோப்பும் உப்பும் கலந்த நிஜத் தண்ணீரில் வேறு ஆட்களும் குழியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், தகராறே அங்கேதான்.

சரி, உங்களுக்கு இப்போதைக்கு வேண்டியது வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து சோடியம், குளோரைடு பார்ப்பது. கிணற்றில் மட்டும் கம்பியை இறக்கிவிடாதீர்கள், ஷாக் அடிக்கும்.