பதில்: தீபாவளிப் புடவை எடுக்கப் போனாலே சண்டை

தம்பி, வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மனைவியோட தி.நகர் போய், நாலு மணி நேரம் அலைஞ்சு, புடவை எடுக்காமலே சண்டையோட திரும்புறோம்னு எழுதியிருக்கீங்க. தப்பு அவங்க மேல இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை மேல. ரங்கநாதன் தெருவில் அன்னைக்கு நிக்கவே இடம் இருக்காது. நிதானமா எப்படிப் பார்க்க முடியும்?

ஒரு மாசம் முன்னாடியே, வார நாளில், கடை திறக்கும்போதே போங்க. பிளவுஸ் தைக்கணும், ஃபால்ஸ் அடிக்கணும். பண்டிகை நெருங்கினா டெய்லர் துணியே வாங்க மாட்டார். பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்குது. கைத்தறி பிடிக்கும்னா கோ-ஆப்டெக்ஸ் பாருங்க, தீபாவளிக்கு வழக்கமா 30 சதவீதம் தள்ளுபடி உண்டு.

கடையில் செல்போனை உள்ளே வையுங்க. "எது வேணாலும் எடு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அக்கறையில்லாத மாதிரி இருக்கும். போன வருஷம் என் மனைவி அரக்குன்னு நினைச்ச புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சேன், கத்திரிப்பூ நிறம். அவங்க முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. உங்க சட்டையைக் கடைசியில் பத்து நிமிஷத்தில் எடுத்துக்கலாம்.