ஊசிப் பரிசோதனை புற்றுநோய் என்று சொல்லவில்லை. பிறகு ஏன் தைராய்டு அறுவை சிகிச்சை?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. பல்லடம் பக்கத்தில் விசைத்தறியில் வேலை செய்கிறார். தைராய்டின் வலப்பக்கம் 2.8 செ.மீ. கட்டி இருக்கிறது. ஊசி மூலம் எடுத்த பரிசோதனையில் ‘பெதஸ்டா 4’ என்று வந்துள்ளது. புற்றுநோய் என்று உறுதியாகாமலேயே பாதிச் சுரப்பியை எடுக்க வேண்டும் என்கிறார் கோவை மருத்துவர். குரல் போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறார். ஆடி கழியட்டும் என்கிறார் அப்பா. என்ன செய்வது?

பதில்: தைராய்டு ஊசிப் பரிசோதனை முடிவுகளை ஆறு வகைகளாகப் பிரிக்கும் முறைக்குப் பெதஸ்டா என்று பெயர். 2023-இல் திருத்தி வெளியான அதன் பதிப்பின்படி, நான்காம் வகையில் வருபவர்களில் சராசரியாக 100-க்கு 30 பேருக்குப் புற்றுநோய் இருக்கக்கூடும். அதாவது பெரும்பாலானோருக்கு அது சாதாரணக் கட்டிதான். ஆனால் அப்படியே விட்டுவிடக்கூடிய அளவுக்குச் சிறிய வாய்ப்பும் அல்ல.

ஊசியால் இதைத் தீர்த்துச் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. இவ்வகைக் கட்டியில் சாதாரணச் செல்லும் புற்றுச் செல்லும் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கட்டி தன்னைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்திருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டும். துணியிலிருந்து உருவிய நான்கு இழையை வைத்துக்கொண்டு அதன் கரை கிழிந்திருக்கிறதா என்று உங்கள் அம்மாவால் சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான் இதுவும். ஆகவே கட்டியுள்ள பக்கத்தை முழுதாக எடுத்து ஆராய்வதே இங்கு இறுதிப் பரிசோதனை. பலருக்கு அதுவே சிகிச்சையாகவும் முடிந்துவிடுகிறது.

குரலைப் பற்றிய பயம் நியாயமானது. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு நெஞ்சின் மேற்பகுதியிலிருந்து திரும்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தின் வழியாக, தைராய்டின் பின்புறத்தை ஒட்டி மேலேறுகிறது. மெல்லிய நூல் போன்ற அந்த நரம்பைக் கண்ணால் கண்டுபிடித்து, அதன் பாதை முழுவதையும் பார்த்துக் காப்பாற்றுவதுதான் இந்த அறுவை சிகிச்சையின் உயிர்நாடி. இப்போது மின்முனைகள் பொருத்திய சுவாசக் குழாயைப் பயன்படுத்தி, நரம்பைத் தூண்டும்போது குரல் நாண் அசைகிறதா என்பதை அறுவையின்போதே திரையில் பார்க்கும் வசதி வந்துவிட்டது. அது நல்ல துணை. ஆனால் தேர்ந்த கைக்கு மாற்றாகாது. சிலருக்குக் குரல் கம்மி, சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். அனுபவமுள்ளவர்கள் செய்யும்போது நிரந்தரப் பாதிப்பு அரிது.

தைராய்டின் மேல்முனையில் இன்னொரு சிறு நரம்புக் கிளை இருக்கிறது. குரலை உயர்த்தவும் ஓங்கிப் பேசவும் அது தேவை. தறிச் சத்தத்துக்கு மேல் குரல் எழுப்ப வேண்டியவர் என்பதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே குரல் நாண்களைக் கருவி வைத்துப் பார்த்துவிடுவதும் முக்கியம்.

கால்சியம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ரத்தத்தில் கால்சியம் அளவைக் காப்பவை தைராய்டை ஒட்டியுள்ள பாராதைராய்டு என்ற சிறு சுரப்பிகள். இடப்பக்கத்தைத் தொடாததால் அங்குள்ளவை வேலை செய்யும். மீதிப் பாதிச் சுரப்பி போதாமல் தைராக்சின் மாத்திரை தேவைப்படுபவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஆறு வாரம் கழித்து ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கழுத்தில் தழும்பே இல்லாமல், கீழுதட்டின் உட்புறம் வழியாகச் செய்யும் முறையும் இப்போது இருக்கிறது. அதன் பயன் தோற்றத்துக்கே. கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் என்று நினைத்து அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. கழுத்து மடிப்பில் போடும் தழும்பு ஓராண்டில் பெரும்பாலும் மங்கிவிடும். கட்டியைச் சூடாக்கிச் சுருக்கும் ஊசிச் சிகிச்சையும் உங்கள் அம்மாவுக்கு ஏற்றதல்ல. அது சாதாரணக் கட்டி என்று உறுதியானவர்களுக்கானது. எடுத்து ஆராய வேண்டியதை உள்ளேயே கருக்கிவிட்டால் விடையும் கிடைக்காது.

ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள் என்று மருத்துவரைத் தயங்காமல் கேளுங்கள். ஆண்டுக்கு 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஆடி கழியும்வரை காத்திருப்பதால் பொதுவாகத் தீங்கில்லை. இவ்வகைக் கட்டிகள் மெதுவாகவே வளர்பவை. ஆனால் ஆவணியில் ஒரு தேதியை இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் குரல் கம்மினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலோ, கட்டி வேகமாகப் பெருத்தாலோ, மாதம் பார்க்காமல் மறுநாளே மருத்துவரிடம் போய்விடுங்கள்.