கனெக்டிவ் டிஷ்யூ ஸ்லைடில் செல்லே அதிகம் இல்லையே, எதை வைத்து அடையாளம் சொல்வது?

"நர்சிங் முதலாண்டு. எபிதீலியம் என்றால் செல்லின் வடிவத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். இணைப்புத்திசு வந்தால் ஒரே ரோஸ் கலர், நடுநடுவே வெள்ளை. செல்லைத் தேட வேண்டியிருக்கிறது. எதைப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ரோஸ் கலரைத்தான் பார்க்க வேண்டும். எபிதீலியம் என்பது உறுப்புகளின் பரப்பை மூடியிருக்கும் திசு; அதில் செல்கள் நெருக்கியடித்து நிற்கும், இடைவெளி பெயருக்குத்தான். இணைப்புத்திசுவில் அப்படியே தலைகீழ். செல்கள் கொஞ்சம்தான், அவை சுரந்து வெளியே போட்டு வைத்த பொருள்தான் மீதி எல்லாம். புத்தகத்தில் எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் என்று போட்டிருப்பது இதைத்தான். எலும்பு கடினமாக இருப்பது, காது மடலை மடித்து விட்டால் பழையபடி நிமிர்வது, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அத்தனை இழுப்பையும் தாங்குவது எல்லாம் இந்தப் பொருளின் வேலை.

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு லேபில் திசு வெட்டிச் சாயம் ஏற்றும் வேலையில் இருக்கிறேன். அதனால் ஸ்லைடு தயாராகும் விதத்திலிருந்தே சொல்கிறேன், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவை ஆல்கஹாலில் போட்டு நீரை எடுப்போம், சைலீனில் போடுவோம், மெழுகில் புதைத்து நான்கு ஐந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குச் சீவுவோம். பிறகு ஹிமாடாக்சிலின், இயோசின் என்று இரண்டு சாயம். முதலாவது உட்கருவை நீல ஊதாவாக்கும். இரண்டாவது கொலாஜனையும் சைட்டோபிளாசத்தையும் ரோஸாக்கும்.

இதில் கவனியுங்கள்: ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கொழுப்புத்திசு வெற்று வளையங்களாகத் தெரிவது அதனால்தான். தளர்வான இணைப்புத்திசுவில் நார்களுக்கு நடுவே தெரியும் வெள்ளையும் உயிரோடு இருந்தபோது காலியிடம் அல்ல. அங்கே ஹையலூரானிக் அமிலம், புரோட்டியோகிளைக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள்கள் நீரைப் பிடித்துவைத்து கூழாக இருந்தன; நீர் போனதும் சுருங்கி, பெருமளவு கழுவப்பட்டும் போய்விட்டன.

நார்களில் பெரிய ஆள் கொலாஜன். உடம்பின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இதுதான். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு. அந்த முறுக்கு உறுதியாக நிற்க வைட்டமின் சி வேண்டும். கொலாஜனை உடம்பு புதுப்பித்துக்கொண்டே இருப்பதால், சி சத்து நெடுநாள் கிடைக்காமல் ஸ்கர்வி வந்தால் எப்போதோ ஆறிய தழும்புகூடப் பிரிந்துவிடும். வண்ணாரப்பேட்டைக் கடைகளில் விற்கும் ஆட்டுக்கால் பாயா ஆறினால் கட்டியாக உறைகிறதே, அதுவும் கொலாஜன்தான். வெந்து முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிட்டது. பாயா குடித்தால் அது அப்படியே முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். வயிற்றுக்குள் அது அமினோ அமிலமாகவும் துண்டு துணுக்காகவும் உடைந்துவிடுகிறது. ருசிக்காகக் குடியுங்கள், நானும் அதற்காகத்தான் குடிக்கிறேன்.

சரி, அடையாளத்துக்கு வருவோம். ரோஸ் நார்கள் ஒரே திசையில் இறுக்கமாக ஓடி, நடுவே மெல்லிய உட்கருக்கள் வரிசையாகக் கிடந்தால் தசைநாண். தடித்த நார்கள் கண்டபடி குறுக்கும் நெடுக்கும் போனால் தோலின் உள்ளடுக்கு. நாரே தெரியாமல் மழமழவென்று நீலம் பாய்ந்த பரப்பும், அதில் குழிக்குள் ஒன்றிரண்டாக உட்கார்ந்த செல்களும் இருந்தால் ஹையலின் குருத்தெலும்பு. நார் இல்லாமல் இல்லை. இரண்டாம் வகைக் கொலாஜன் நிறைய உண்டு, மிக மெல்லியது, சுற்றியுள்ள பொருளும் அதுவும் ஒளியை ஒரே மாதிரி விலக்குவதால் கண்ணுக்குப் பிரிந்து தெரிவதில்லை. அங்கே ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக் குருத்தெலும்பு அடிபட்டால் சுலபத்தில் சரியாகாததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

தசையும் ரோஸாகத்தானே இருக்கும் என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மடக்குவார்கள். மேசன் டிரைக்ரோம் போட்டால் தசை சிவப்பு, கொலாஜன் நீலம் அல்லது பச்சை. கல்லீரலில் நார் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்க டாக்டர்கள் இந்தச் சாயத்தைக் கேட்பார்கள். இழுத்து விட்டால் திரும்பும் எலாஸ்டின் நாருக்கு வெர்ஹோஃப் சாயம், வலைபோல் பின்னிய மெல்லிய ரெட்டிகுலின் நாருக்கு வெள்ளிச் சாயம், இரண்டிலும் நார் கறுப்பாகத் தெரியும். எபிதீலியத்துக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலமான பேஸ்மென்ட் மெம்பிரேனை பி.ஏ.எஸ். சாயம் மெஜந்தா கோடாகக் காட்டும். புற்றுச்செல்கள் அந்தக் கோட்டுக்கு மேலேயே நிற்கின்றனவா, தாண்டி உள்ளே இறங்கிவிட்டனவா என்பதில்தான் சிகிச்சையே மாறுகிறது.

நர்சிங்கில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். உங்களுக்கு அதிகம் உதவப்போவது காயம் ஆறும் விதம். முதலில் மூன்றாம் வகைக் கொலாஜன் அவசரமாகப் படியும். பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அது முதல் வகையாக மாற்றப்படும். ஒரு வாரத்தில் காயத்தின் வலு பழைய தோலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. முழுதாக ஆறினாலும் சுமார் 80 சதவீதம்தான். ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு நாடு முழுக்கப் பெயர் பெற்றது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். அறுந்த தசைநாணைத் தைத்த பிறகு விரலை ரொம்ப நாள் அசைக்காமலே வைத்தால், புதுத் தழும்பு நாணைச் சுற்றியுள்ள உறையோடு சேர்த்து ஒட்டிவிடும்; சீக்கிரம் வேகமாக இழுத்தால் தையல் பிய்ந்துவிடும். அதனால்தான் பிசியோதெரபியில் இன்ன வாரத்தில் இவ்வளவு அசைவு என்று அளந்து வைக்கிறார்கள்.

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த அன்றைக்கே, "எல்லாம் ஆறிடுச்சில்ல, லாரி வந்தா குடம் தூக்கலாமா சிஸ்டர்?" என்று நம் ஏரியா அம்மாக்கள் கட்டாயம் கேட்பார்கள். மேல்தோல் மூடிவிட்டது, உள்ளே கொலாஜன் இன்னும் வலுப்பெறவில்லை, டாக்டர் சொல்லும் வரைக்கும் குடத்தை வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும் என்று சொல்லுங்கள்.