ஆர்எக்ஸ்-8: நகர்த்தி நிறுத்தியபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

பயப்படாதீர்கள், எஞ்சின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்திருக்கின்றன. குளிர்ந்திருந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரைக் கழுவுவதற்காகச் சில அடி நகர்த்தி உடனே அணைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். இந்தக் காரில் இருப்பது, பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின்; மாஸ்டா 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரோடு கொண்டுவந்த வகை அது. அதன் வழவழப்பான ஓட்டத்தை விரும்பி வாங்கியவர்கள் பலருக்கும் இந்தத் தொல்லை பழக்கம்.

1. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஐந்தாறு விநாடி ஸ்டார்ட்டரைச் சுழலவிடுங்கள். பெட்ரோல் பாய்வது நின்று, தேங்கியது வெளியேறும்.

2. மிதியை விட்டுவிட்டு வழக்கம்போல் முயலுங்கள். பிடிக்காவிட்டால் நான்கு பிளக்குகளையும் கழற்றி உலர்த்துங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங் (கீழே உள்ளது), டிரெய்லிங் (மேலே உள்ளது) என இரண்டு பிளக்குகள் உண்டு; அவை இடம் மாறவே கூடாது.

சூடான எஞ்சினும் இப்படி அடம்பிடித்தால் கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தம்) குறைந்திருக்கலாம். அதை ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கருவி ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது.