எஸ்கலேட்டரைக் கண்டாலே நடுங்கும் பையன்: பயமா, உடம்பா?

இரண்டும்தான், ஆனால் முதலில் உடம்பைப் பாருங்கள். 13 வயது மகன் சென்ட்ரல் மெட்ரோவில் எஸ்கலேட்டர் ஏற மறுக்கிறான், அதட்டினால் எரிந்து விழுகிறான் என்றீர்கள். எனக்கு இது பிடிவாதமாகத் தெரியவில்லை.

ஆறே மாதத்தில் பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கால் மளமளவென்று நீளும்போது, அடியை எங்கே எப்படி வைப்பது என்று மூளை போட்டு வைத்திருந்த பழைய கணக்கு கொஞ்ச நாள் தப்பலாம். உள்காதின் சமநிலை நரம்புகளுக்கு மூளையில் பயம், படபடப்பு சார்ந்த பகுதிகளோடும் தொடர்பு உண்டு. தடுமாறினால் பயம், பயந்தால் உடம்பு விறைத்து இன்னும் தடுமாற்றம்.

சமநிலை எப்படி இருக்கிறது என்று பார்க்க, அவனைச் சுவரோரமாக ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். கண் திறந்து 30 விநாடி, அப்புறம் கண்ணை மூடி. மூடினால் எல்லோரும் ஆடுவோம். திறந்திருக்கும்போதே சட்டென்று காலை ஊன்றிவிட்டால் கவனிக்கணும். நீங்களும் கூடவே நில்லுங்கள். அப்பா தள்ளாடுவதைப் பார்த்துப் பையன் சிரிப்பான், பாதி இறுக்கம் அதிலேயே போகும். சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்க விடுங்கள்.

தலைசுற்றல், காதில் இரைச்சல், அடிக்கடி தலைவலி இருந்தால் இதெல்லாம் வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தூக்கம் கெட்டு, பள்ளிக்கும் போக மாட்டேன் என்றால் மனநல ஆலோசகரையும் பாருங்கள்.